அம்மா தண்ணீர் ஊற்றிய வரிசை

மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அப்பா, சிசிலி எப்பிடி இடம்?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா உன் தட்டில் இரண்டாம் முறை கறி போட்டாள், கதை ஆட்டிறைச்சிக்குள் போய்விட்டது. பிறகு கோட்டை மாட்டும்போதுதான் விஷயத்தைச் சொன்னாய். அந்தத் தீவின் நடுவில் உள்ள மலைகளில் காற்றாலைகளை நட்டு நிறுத்த உன்னை இரண்டு வருஷத்துக்கு அனுப்பப்போகிறார்கள், வருகிற திங்கட்கிழமை பதில் கேட்கிறார்கள், நீ வேண்டாம் என்று சொல்லப்போகிறாய். ஏன் என்றதற்கு, "நீங்கள் ரண்டு பேரும் தனிய" என்றாய். மிச்சத்தை டேனிஷில் சொல்லிவிட்டு, அம்மா புட்டும் கறியும் போட்டுக் கட்டித் தந்த பழைய ஐஸ்கிரீம் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கார் ஏறிவிட்டாய். சொல்லக் கஷ்டமான எதையும் நீ டேனிஷில்தான் சொல்வாய். பள்ளிக்கூடத்துப் பனிச்சண்டையில் பல் உடைந்த நாளிலிருந்து அப்படித்தான்.

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதுகிறாள். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அவள் உன் பக்கம். அதாவது, நீ போகாமல் இருக்கிற பக்கம். "நீங்கள் சொல்லுறதை எழுதுவன். ஒத்துக்கொண்டிட்டன் எண்டு மட்டும் நினையாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் பேனையை எடுத்தாள். எழுத்து எங்கேயாவது திடீரென்று அழுத்தமாகத் தெரிந்தால், அந்த இடத்தில் அவள் என்னை முறைத்தாள் என்று வைத்துக்கொள். நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். அதுவும் நல்லதுதான், அவசரமாக முடிக்க மாட்டாய். தபாலில் போட்டால் வெள்ளிக்குள் ஒடென்சேயில் உன் வீட்டுக்கு வந்துவிடும் என்கிறார்கள். திங்கள் வருவதற்கு முன் இரண்டு தரமாவது வாசி.

நீ டென்மார்க்கில் பிறந்தவன்தான். ஆனால் முதல் வெயில் காய்ந்தது சிசிலியில், அம்மாவின் வயிற்றுக்குள் இருந்தபடி. எங்களை யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்துவந்த ஏஜென்சிக்காரன், கத்தானியா என்ற பட்டினத்து ரயில் நிலையத்தில் எங்களை இறக்கி, "இதிலேயே நில்லுங்கோ, ரண்டு நாளிலை வந்து ஜெர்மனிக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்றான். இன்னும் வந்துகொண்டிருக்கிறான். அது மாசி மாதம். சந்தைப் பக்கத்தில் நாங்கள் பெட்டியும் கையுமாக நின்றதைக் கண்டு வண்டியை நிறுத்தியவர் சாரோ. கட்டையான ஆள், மரக்கொப்புப் போலக் கை, நம்மூர் ஓட்டோவின் பின்பக்கத்தை வெட்டிப் பெட்டி பூட்டியது மாதிரி ஒரு மூன்று சக்கர வண்டி. அவருக்கு எலுமிச்சைத் தோட்டம், தேசிக்காய் பிடுங்க ஆள் தேவைப்பட்டது. எங்களுக்குப் படுக்க இடம் தேவைப்பட்டது. நான் முன்னால் அவரோடு நெருக்கிக்கொண்டு இருந்தேன். அம்மா பின்னால் வெறும் பெட்டிகளின் மேல், தலையில் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு, சுவாமி ஊர்வலம் போல வந்தாள். வழியில் சனம் கை காட்டியது. அவளும் காட்டினாள்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். இடம் எப்படி என்றால், தீவு ஒரு முக்கோணம். சாரோ குச்சியால் மண்ணில் கீறிக் காட்டினார். இத்தாலி ஒரு நீளக் கால், அதன் பெருவிரலுக்கு நேரே இந்த முக்கோணக் கல். "அவை எங்களைக் காலங்காலமா உதைக்கினம், இன்னும் ஒரு கோலும் விழேல்லை" என்றார். அவர் சொன்னதெல்லாம் பாதி கையாலும் பாதி அவர் மொழியிலும்தான். எனக்கு ஞாபகத்தில் இருப்பது எங்கள் பேச்சில். நான் பக்கத்தில் எங்கள் தீவைக் கீறினேன், மேலே இந்தியாவின் நுனியையும் கீறினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அன்றிலிருந்துதான் என்னைத் தன் மேசையில் இருத்திச் சாப்பாடு போட்டார்.

கிழக்குக் கரையில் ஒரு எரிமலை இருக்கிறது. அங்கே உள்ளவர்கள் அதை ஒரு பெண்பிள்ளையைப் போலக் கதைப்பார்கள். இன்றைக்கு அவவுக்குக் கோபம், இன்றைக்கு அவ படுத்துவிட்டா என்று. ஞாயிற்றுக்கிழமைகளில் சாரோ எங்களை ஏற்றிக்கொண்டு அதன் மேல் போவார். கடலோரத்தில் கறுப்புக் கல்லால் படி கட்டிய தேசித் தோட்டங்கள். கொஞ்சம் ஏறினால் வைனுக்கான முந்திரிகைக் கொடி. இன்னும் ஏறினால் பிஸ்தா மரங்கள், வெறும் எரிமலைக் கல்லைப் பிளந்துகொண்டு நிற்கும். பிறகு காடு, பிறகு ஒன்றுமில்லாத கறுப்பு, உச்சியில் பனி. கீழே வேர்க்க வேர்க்கத் தேசிக்காய் பிடுங்கிவிட்டு, அதே நாளில் மேலே போய் அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாகப் பனியைத் தொட்டாள். தொட்டுவிட்டுக் கையைச் சேலையில் துடைத்து, "சீ, ஈரம்" என்றாள். இங்கே இந்தப் பிராண்டே ஊரில் இத்தனை வருஷப் பனியைப் பார்த்த பிறகும் அவளுடைய அபிப்பிராயம் மாறவில்லை.

நீ போகப்போகும் நடுப்பகுதி வேறு மாதிரி. ஒரு தரம் அங்கே வைக்கோல் ஏற்றப் போனோம். மரமே கிடையாது, மொட்டை மலைகள், கண்ணுக்கெட்டிய மட்டும் கோதுமை. அந்தக் கோதுமை முழுநாளும் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தது. அவ்வளவு காற்று. வழியில் கைவிட்டுப்போன கந்தகச் சுரங்கங்களைக் காட்டினார். ஒரு காலத்தில் உலகம் முழுவதற்கும் நெருப்புக்குச்சிக் கந்தகம் அந்தக் குழிகளிலிருந்து போனதாம். இப்போது கதவில்லாத வீடுகளும் மஞ்சள் மண்ணும்தான் மிச்சம். மேற்குப் பக்கத்தில் கடல் நீரைப் பாத்தி கட்டி உப்பு எடுப்பார்கள், சூரை மீன் பிடிப்பார்கள். கிழக்கில் எண்ணெய் சுத்திகரிக்கும் புகைக்குழாய்கள். பொடியள் எல்லாம் வடக்கே மிலானுக்கும் ஜெர்மனிக்கும் போய்விடுவார்கள். "எங்கடை தீவு நல்லாக் காய்க்கும், ஆனா ஏற்றுமதியிலை முதலிடம் பிள்ளையளுக்குத்தான்" என்பார் சாரோ. நிலத்துக்குக் கீழே உள்ளதை எடுத்து முடித்தவர்கள் இப்போது மேலே உள்ள காற்றை எடுக்கப்போகிறார்கள். அதை எடுத்துக் கொடுக்க பிராண்டேயில் வளர்ந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பொடியனைக் கூப்பிடுகிறார்கள் என்றால், அதைக் கேட்டு அவர் எத்தனை நாள் சிரித்திருப்பார்.

சரித்திரம் என்றால் எனக்குத் தெரிந்தது அவருடைய சாப்பாட்டு மேசையில் கேட்டதுதான். யார் வரவில்லை அந்தத் தீவுக்கு. கிரேக்கர் வந்து மலையில் கல்லுப்படி வெட்டி நாடகம் ஆடினார்கள். ரோமர் வந்து கோதுமையை அள்ளிக்கொண்டு போனார்கள். அரபிகள் வந்து தேசிக்கன்றையும் தண்ணீர்த் தொட்டியையும் கொண்டுவந்தார்கள். தோட்டத்தில் இருந்த பெரிய தொட்டியை ஜெபியா என்றுதான் கூப்பிடுவார், அது அரபிகள் விட்டுப்போன பேராம். பிறகு வடக்கே இருந்து குதிரையில் நோர்மன்காரர். சாரோவின் கண் நீலம். அதைத் தொட்டுக் காட்டி, "இது அவை விட்டுப்போனது" என்பார். அந்த நோர்மன்காரரின் பாட்டன்மார் இந்த டென்மார்க் பக்கத்திலிருந்து போனவர்கள் என்று நீ பள்ளிக்கூடத்தில் படித்துவந்து சொன்னபோது எனக்கு ஒரே சந்தோஷம். நாங்கள் சாரோவிடமிருந்து அவருடைய பூட்டனிடம் வந்து சேர்ந்திருக்கிறோம். பிறகு ஸ்பானியர், கடைசியில் அவர் இளந்தாரியாக இருந்தபோது கப்பல் கப்பலாக அமெரிக்கர்களும் இங்கிலாந்துக்காரரும். அவர்கள் கரையில் இறங்கிய அன்று சாரோவின் தகப்பனார் மரத்துக்குக் கொப்பு வெட்டிக்கொண்டிருந்தாராம். குண்டுச் சத்தம் கேட்டு இறங்கிப் பார்த்தார், மறுபடி ஏறி மற்றக் கொப்பை வெட்டினார்.

அந்த உலக யுத்தம் முடிந்ததும் தீவில் இருந்த பொடியளுக்கெல்லாம் கால் பரபரத்தது. சாரோவும் பெல்ஜியத்துச் சுரங்கத்துக்குப் போகப் பேர் கொடுத்திருந்தாராம். தாய் அழுதாள். நின்றுவிட்டார். இதை அவர் துக்கமாகச் சொல்லவில்லை. தேசிக்காயைத் தோலோடு வட்டமாக வெட்டி, உப்புப் போட்டுத் தின்றுகொண்டே சொன்னார். "அம்மா சந்தோஷப்பட்டா. எனக்கும் தேசிக்காய் கிடைச்சுது. வேறை என்ன கிடைச்சிருக்கும் எண்டு மட்டும் தெரியாமல் போச்சு." அந்த நேரம் உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த உப்புத் தேசிக்காயில் பாதியைத் தின்றுகொண்டிருந்தாள். அந்தக் கதையைக் கேட்டதாகவே ஞாபகம் இல்லை என்கிறாள். தேசிக்காய் ஞாபகம் இருக்கிறதாம்.

இனி நான் சொல்லப்போவது உனக்குச் சொல்லாத கதை. சொல்லவிடாமல் இத்தனை வருஷம் தடுத்தவளே இப்போது எழுதுகிறாள்.

ஆனி பிறந்ததும் சாரோ வாய்க்காலை அடைத்தார். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்க, மரத்துக்கு ஒரு சொட்டு விடக்கூடாது என்றார். காரணம் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் அப்போது எனக்கு விளங்கியிருக்காது. நான் வெங்காயத் தோட்டக்காரன். ஒரு இறைப்பு தவறினால் ஊரே கேட்கும், என்ன சுகமில்லையோ என்று. அங்கே கிழமைக்கணக்காக மரங்கள் காய்ந்தன. இலைகள் சுருண்டு, வெற்றிலைச் சுருள் மாதிரித் தொங்கின. எங்கள் அறைக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன வரிசை மட்டும் காயவில்லை. பளபளவென்று பச்சையாக நின்றது. சாரோவுக்குப் பைத்தியம் பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. தொட்டியில் எங்கேயோ கசிவு என்று முடிவுகட்டி, சீமெந்து குழைத்து நானும் அவரும் சுவரெல்லாம் பூசினோம். வரிசை இன்னும் பச்சையானது. வாய்க்காலைக் கிண்டிப் பார்த்தோம். தொட்டியைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் ஏசினார். நாங்கள் வேர்த்துக் களைத்து வரும்போது அம்மா வாசலில் நின்று, "என்னவாம், கசிவு பிடிபட்டுதோ?" என்று கேட்பாள்.

ஒரு மத்தியானம், எல்லாரும் தூங்குகிற வெயில் நேரத்தில், சாரோ தூங்காமல் என்னையும் கூட்டிக்கொண்டு கசிவைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போனார். அறைக்குப் பின்னால் ஒரு தட்டைக் கல். அதன் பக்கத்திலிருந்து வரிசை வரைக்கும் மண்ணில் அழகாக ஒரு சின்ன வாய்க்கால், கிளை பிரித்து, ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பாத்தி. அந்தக் கல்லில்தான் அம்மா தினமும் தொட்டித் தண்ணீரை அள்ளி வாளி வாளியாகக் குளித்திருக்கிறாள். குளித்த தண்ணீர், அரிசி கழுவின தண்ணீர், உடுப்புத் தோய்த்த தண்ணீர், எல்லாம் மரத்துக்கு. ஊரில் கிணற்றடித் தண்ணீர் வாழைக்குப் போகாமல் சும்மா ஓடினால் அவளுடைய வீட்டில் அடி விழும். நாங்கள் போன நேரம் குளித்து முடித்து, சேலையைப் பிழிந்து போட்டுவிட்டு, வாய்க்காலில் அடைத்த இலையைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

சாரோ கையை விரித்து, ஏன் என்று கேட்டார். அம்மா தமிழில் சொன்னாள்: "வாடுது. தண்ணியையும் வைச்சுக்கொண்டு எப்பிடிப் பாத்துக்கொண்டு நிக்கிறது?"

அவருக்குத் தமிழ் எங்கே தெரியும். ஆனால் தொப்பியைக் கழற்றினார். அவளுடைய வயிற்றைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து கையால் விளக்கினார். தேசிமரம் வழமையில் வசந்தத்தில் பூத்து மாரியில் காய்க்கும். மாரியில் எல்லாரிடமும் தேசிக்காய், கேட்பாரில்லை. கோடையில்தான் வடக்கே உள்ள பட்டினங்களுக்கெல்லாம் தேவை, அப்போது யாரிடமும் இல்லை. அதனால் ஆனியில் தண்ணீரை மறிப்பார்கள். மரம் சாகப்போகிறேன் என்று நினைக்கும் (வாயைப் பொத்தி, நாக்கைத் தொங்கப்போட்டுக் காட்டினார்). ஆடி பாதியில் ஒரு நாள் தொட்டியைத் திறந்து, வேர் மூழ்க விட்டு, எருவும் போடுவார்கள். மரம் பதறி எழுந்து இரண்டாம் தரம் பூக்கும் (விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார்). அந்தப் பூ அடுத்த கோடையில் காயாகும். அந்தக் காயில்தான் அந்தக் கரை முழுவதும் சாப்பிடுகிறது. அம்மா எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்தாள். "மரத்தை வதைச்சுப் பூ வாங்குறதோ? நல்லாயிருக்கு நியாயம்" என்றாள். என்ன சொல்லுகிறா என்று சாரோ கேட்டார். மன்னிக்கச் சொல்லுகிறா என்றேன்.

ஆவணி முடிகிற நேரம் தோட்டம் முழுவதும் வெள்ளைப் பூ. கடல் வரைக்கும் வாசம். தேனீச் சத்தத்தில் கதைக்க முடியாது. அம்மாவின் வரிசையில் மட்டும் ஒரு பூக்கூட இல்லை. கொழுத்த இலையோடு, வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளை மாதிரி நின்றது. சாரோ கோபிக்கவில்லை. அந்த வரிசைக்கு "சிஞ்ஞோராவின் வரிசை" என்று பேர் வைத்தார், அம்மாவின் வரிசை என்று அர்த்தம். வருகிற ஆட்களிடமெல்லாம் காட்டிச் சிரித்தார். அம்மா அதன் முன்னால் போகும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அந்த வருஷக் கடைசியில் நாங்கள் புறப்பட்டோம். தீவுக்கும் இத்தாலிக்கும் நடுவில் உள்ள நீரிணையில் ரயில் அப்படியே கப்பலுக்குள் ஏறியது. பிறகு ஜெர்மனியிலிருந்து டென்மார்க்குக்கு வரும்போதும் ரயில் கப்பலுக்குள் ஏறியது. வெள்ளைக்காரர் ரயிலைக் கப்பலில் ஏற்றாமல் எங்கேயும் போகமாட்டார்கள் என்று அம்மா கனகாலம் நம்பியிருந்தாள். இறங்கிய கொஞ்ச நாளில் நீ பிறந்தாய்.

மகன், இந்த வருஷம் நீ எங்களுக்குச் செய்தது எனக்குத் தெரியும். சித்திரையும் வைகாசியும் ஊர் யுத்தத்தைப் பார்த்தபடி நாங்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் கல்லாக இருந்தபோது, ஒவ்வொரு வெள்ளியும் வந்து அந்தச் சோபாவில் எங்களுக்கு நடுவில் இருந்தாய். கோபன்ஹேகன் ஆர்ப்பாட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் மழையில் எங்களோடு நின்றாய். யுத்தம் முடிந்தது என்று அரசாங்கம் சொன்ன அன்று நாங்கள் மூன்று பேரும் சாப்பிடவில்லை. யுத்தம் முடிந்தால் ஊருக்குப் போவது, யுத்தம் முடிந்தால் வீட்டுக்குக் கூரை போடுவது என்று எல்லாவற்றையும் அந்த ஒரு நாளுக்கு ஒத்திவைத்திருந்தவர்கள் நாங்கள். அந்த நாள் இப்படி வரும் என்று யார் நினைத்தது. பிறகு அம்மாவின் தங்கச்சியும் பிள்ளைகளும் கம்பிவேலி முகாமுக்குள் இருந்த மாதங்கள். போன மாதம் அவர்கள் வெளியே வந்தார்கள். வவுனியாவிலிருந்து சின்னம்மா போன் எடுத்தபோது முதலில் கேட்டது என்ன தெரியுமா? "பொடியனுக்குக் கலியாணம் பேசியாச்சோ?" அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம். அன்றிலிருந்து இந்த வீட்டில் மறுபடி பாட்டுப் போடுகிறோம், மறுபடி சண்டை பிடிக்கிறோம். உப்புக் கூடிவிட்டது என்று நான் சொல்ல, அப்ப நீங்களே சமையுங்கோ என்று அவள் சொல்லுகிறாள். நாங்கள் நல்லாக இருக்கிறோம். நீ இனிக் காவல் இருக்கத் தேவையில்லை.

தண்ணீரை மறிப்பது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. இந்த வருஷம் ஊரில் சனத்தின் வாய்க்குப் போகிற தண்ணீரை மறித்ததைப் பார்த்தோம், அதிலிருந்து எந்தப் பூவும் வராது. சாரோவுக்குத் தொட்டியைத் திறக்கப்போகிற நாள் தெரியும். தினமும் போய் இலையைத் தொட்டுப் பார்ப்பார், மரத்தை விட அவர்தான் வாடிப்போயிருப்பார். நான் சொல்லுவது வேறு. உனக்கு இருபத்துநான்கு வயது. ஒவ்வொரு ஞாயிறும் சின்ன பெல்ட் நீரிணைப் பாலத்தைக் கடந்து ஓடிவந்து, புட்டும் கறியும் பெட்டியில் கொண்டுபோகிறாய். அது திங்களுக்கும் செவ்வாய்க்கும் வரும், புதன் வந்தால் மறுபடி ஞாயிறை நினைப்பாய். நல்ல பச்சையாக நிற்கிறாய், யாரும் கண்வைக்கிற மாதிரி. ஆனால் கப்பி கட்டி மலை மேல் காற்றாலை ஏற்றுகிற வேலையைப் பற்றி நீ சொன்னபோது உன் கை தானாக உயர்ந்ததே, அதை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். சாப்பாட்டில் நீ சிசிலி என்றபோதே அவளுக்கு விளங்கியிருக்கும், அதனால்தான் இரண்டாம் தரம் கறி போட்டாள்.

போ மகன். திங்கட்கிழமை ஓம் என்று சொல். தேசிக்காயை உப்போடு தின்று பார். மத்தியானத்தில் யாரையும் கூப்பிடாதே, தூங்குவார்கள். மூன்று சக்கர வண்டியில் ஏற்றினால் பின்னால் ஏறு, சனத்துக்குக் கை காட்டு. எரிமலையைப் பற்றி அது என்று சொல்லாதே, அவ என்று சொல். இரண்டு வருஷம் என்பது ஒரு பெரிய விஷயமல்ல. இஞ்சை எங்களைப் பார்க்கக் கொமூன் என்கிற நகரசபை இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார்கள், சண்டை பிடிக்க ஆள் இருக்கிறது.

இதைச் சொல்லி முடித்தபோது பேனைச் சத்தம் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் அம்மா இல்லை. குசினியில் பெட்டிகள் உருளுகிற சத்தம். போய் எட்டிப் பார்த்தேன். கதிரையில் ஏறி, கழுவிக் காயவைத்திருந்த ஐஸ்கிரீம் பெட்டிகளை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று போட்டு, அலுமாரியின் உச்சித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். கதிரையைப் பிடிக்கவா என்றேன், தேவையில்லை என்றாள். பிறகு வந்து இருந்து, நான் ஒன்றும் சொல்லாமலே வேறு ஒரு தாளில் எழுதத் தொடங்கினாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டேன். வாசித்துக் காட்டினாள். பெட்டி அடுக்கின கதையையும் அவளைக் கொண்டே எழுதுவித்துவிட்டு, அந்தத் தாளைக் கடைசியில் வைக்கிறேன். இது அவள் எழுதியது:

ராசா, வாற ஞாயிற்றுக்கிழமை வராதே. நான் சமைக்கப்போவதில்லை. திங்கட்கிழமை அப்பா சொன்னதைச் சொல். அங்கே போனதும் அந்தத் தோட்டத்தைத் தேடிப் போ. சாரோ இருந்தால் நான் கேட்டதாகச் சொல்லு. இல்லாவிட்டால் அவருடைய பிள்ளைகளிடம் என்னுடைய வரிசையைக் காட்டச் சொல்லு. ஆனி ஆடி மாதமாக இருந்து, இலை சுருண்டு கிடந்தால், பார்த்துக்கொண்டு நில். தண்ணீர் ஊற்றாதே.